கிலோமீட்டர் கணக்கு மலைக்கு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழின் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகரின் கேள்வி வந்திருந்தது. பழைய மஹிந்திரா தார் (Thar) ஜீப் ஒன்றை வாங்கி, விடுமுறை நாட்களில் மலைப்பாதைகளில் ஓட்டுகிறாராம். ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் எஞ்சின் ஆயில் குறைகிறது, எஞ்சினைப் பிரித்துவிடலாமா, இல்லை வண்டியையே தள்ளிவிடலாமா என்று கேட்டிருந்தார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து போயிருக்கும், எஞ்சின் வேலை பாருங்கள், மனமில்லையென்றால் விற்றுவிடுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள்.

அந்தப் பதிலைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அந்தத் தம்பி ஒரு லட்சம் ரூபாயைப் பட்டறையில் கொட்டுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போடிநாயக்கனூர்க்காரி. எங்களிடம் இரண்டு கமாண்டர் ஜீப்புகள் இருக்கின்றன. இரண்டும் டீசல், 2523 சிசி டிஐ எஞ்சின். விடிவதற்கு முன்னால் எங்கள் ஊரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளப் பக்கம் போகும் ஜீப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் எங்கள் இரண்டும் உண்டு. ஒன்று தார்ச்சாலையிலேயே சாந்தன்பாறைப் பக்கம் வரை போய்வரும். இன்னொன்று போடிமெட்டு தாண்டியதும் தார்ச்சாலையை விட்டு இறங்கி, தோட்டத்து மண்பாதையில் கல்லிலும் சேற்றிலும் ஏறி இறங்கும். அந்தப் பாதையில் ஃபோர் வீல் போடாமல் ஒரு நாளும் முடியாது. மழைக்காலத்தில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரும் வேண்டும்.

என் வீட்டுக்காரர் எம்எம் 540 ஜீப்பில் தொடங்கியவர். பியூஜோ எஞ்சின், 2112 சிசி. அதை விற்றுவிட்டுத்தான் கமாண்டர்கள் வாங்கினோம். 2011-ல் அவர் தவறிப்போன பிறகு வண்டிகளை விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. எனக்கு ஜீப் ஓட்டத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவர் எழுதி வைத்திருந்த கணக்கு நோட்டு என் கையில் இருந்தது. டீசல் எத்தனை லிட்டர், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், ஆயில் எவ்வளவு ஊற்றினார் என்று தேதி போட்டு எழுதியிருந்தார். நானும் அதை விடாமல் தொடர்ந்தேன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நோட்டு வழியாகத் தெரிந்துகொண்டதுதான்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 2012-ல் ஒரு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். தார்ச்சாலை ஜீப் 2,400 கிலோமீட்டர் ஓடி அரை லிட்டர் ஆயில் குடித்திருந்தது. தோட்டத்து ஜீப் 1,500 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. அதற்கும் அரை லிட்டர். அந்த வண்டியை ஓட்டிய தம்பியைக் கூப்பிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரி வண்டி. உன் வண்டிக்கு மட்டும் எப்படிப்பா இவ்வளவு ஆயில் போகுது?" என்று கேட்டேன். நான் எதை மனசில் வைத்துக் கேட்டேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "நான் எடுக்கலைக்கா" என்று மட்டும் சொல்லிச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் பட்டறைக்கார அண்ணனிடம் போனேன். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்ப்பவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாயி, சக்கரம் சுத்துனதை எழுதி வச்சிருக்க. எஞ்சின் சுத்துனதை எங்க எழுதி வச்சிருக்க?"

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். லோ கியர் போட்டால் அதே தூரத்துக்கு எஞ்சின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு சுற்றுகிறது. பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் அது ஏறி இறங்கும் லைனர் என்ற உருளையின் சுவரில் மெல்லிய ஆயில் படலத்தை விட்டுவிட்டுத்தான் இறங்கும். அந்தப் படலம் இல்லையென்றால் ரிங்கும் லைனரும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதில் ஒரு துளி எரியத்தான் செய்யும். ஆக, ஆயில் செலவு என்பது எஞ்சின் எத்தனை சுற்று சுற்றியது, எவ்வளவு பாரம் இழுத்தது என்பதைப் பொறுத்தது. வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது மலையில் இரண்டாம் பட்சம். சேற்றில் சக்கரம் சுழன்று கால் மணி நேரம் போராடினால் மீட்டரில் கால் கிலோமீட்டர்கூட ஏறாது. எஞ்சின் அந்தக் கால் மணி நேரமும் உழைத்திருக்கும்.

"அப்போ எதை வச்சுண்ணே கணக்குப் போடறது?" என்று கேட்டேன். "டீசலை வச்சுப் போடு. எஞ்சின் எவ்வளவு உழைச்சுதோ அவ்வளவு டீசல் குடிச்சிருக்கும். அது பொய் சொல்லாது" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தார்ச்சாலை ஜீப் அந்த மாதம் குடித்த டீசல் 240 லிட்டர். தோட்டத்து ஜீப் 250 லிட்டர். இரண்டுக்கும் ஆயில் அரை லிட்டர்தான். நூறு லிட்டர் டீசலுக்கு என்று வகுத்தால் முதலாவதற்கு 208 மில்லி, இரண்டாவதற்கு 200 மில்லி. திருட்டுப் பட்டம் கட்டப்பட்ட வண்டிதான் ஒரு துளி குறைவாகக் குடித்திருந்தது. அன்று சாயங்காலமே அந்தத் தம்பி வீட்டுக்குப் போய், அவன் அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்டேன். இன்றுவரை அவன்தான் அந்த ஜீப்பை ஓட்டுகிறான்.

அன்றிலிருந்து என் நோட்டில் கிலோமீட்டருக்கு ஒரு பத்தி இருந்தாலும் நான் பார்ப்பது கடைசிப் பத்தியைத்தான்: நூறு லிட்டர் டீசலுக்கு எத்தனை மில்லி ஆயில். உங்களிடம் கேள்வி கேட்ட தம்பி ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் என்கிறார். அந்த ஆயிரத்தில் மலைப்பாதை எவ்வளவு, லோ கியரில் எவ்வளவு, எத்தனை லிட்டர் டீசல் என்று தெரியாமல் ரிங் போய்விட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? வண்டியோடு வரும் புத்தகத்தில் கிலோமீட்டர் கணக்கில் போட்டிருக்கும் அளவு சமவெளிச் சாலையில் ஓடும் வண்டிக்கு ஒத்துவரும். பாறையில் ஏறும் வண்டிக்கு அதை அப்படியே பொருத்திப் பார்ப்பது நியாயமில்லை.

எங்கள் வண்டிகளில் நூறு லிட்டருக்கு 300 மில்லி வரை நான் கவலைப்படுவதில்லை. அதைத் தாண்டினால் காரணம் தேடச் சொல்வேன். இது என் இரண்டு ஜீப்புகளின் அளவு. வேறு எஞ்சினுக்கு வேறு அளவு இருக்கும். எந்த எஞ்சினாக இருந்தாலும், இருந்த அளவிலிருந்து மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். நிலையாக 400 குடிக்கும் கிழட்டு எஞ்சினைப் பற்றி எனக்குப் பயமில்லை. 200-லிருந்து 350-க்குத் தாவும் நல்ல எஞ்சின்தான் என் தூக்கத்தைக் கெடுக்கும்.

இதை நான் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2014-ம் வருஷம் தோட்டத்து ஜீப்பின் கணக்கு இப்படி இருக்கிறது: ஜனவரி 210, பிப்ரவரி 340, மார்ச் 580, ஏப்ரல் 900. பிப்ரவரியிலேயே நான் விழித்திருக்க வேண்டும். அந்த மாதம் மகள் கல்யாண வேலையில் நோட்டில் எழுதினேனே தவிர, வகுத்துப் பார்க்கவில்லை. ஏப்ரலில் ஜீப் நீலப் புகை விட ஆரம்பித்தது. பின்னால் உட்கார்ந்து வரும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை வந்தது. எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கினால் அப்படித்தான் வருமாம்.

அண்ணன் எஞ்சினில் கை வைப்பதற்கு முன்னால் ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினார். அதன் அடிப்பக்கத்தில், கிளிப் இறுக்குகிற இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. குழாய்க்குள் விரலை விட்டுத் தடவச் சொன்னார். என் விரல் நுனியில் செம்மண் ஒட்டியிருந்தது. மஞ்சள்பொடி மாதிரி அவ்வளவு நைசான தூசி.

கோடைக்காலத்தில் எங்கள் தோட்டப் பாதைகளில் முன்னால் போகும் ஜீப் கிளப்பிவிடும் புழுதியில் பின்னால் வரும் ஜீப் முழுகித்தான் வரும். அந்தப் புழுதி ஏர் கிளீனரைத் தாண்டி உள்ளே போய், லைனரில் இருக்கும் ஆயிலோடு சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். மண்ணில் இருக்கும் மணல் துகள் இரும்பைவிடக் கடினம். ரிங்கையும் லைனரையும் சில வாரத்திலேயே அரித்துவிடும். பிறகு ரிங் ஆயிலை வழித்துக் கீழே இறக்காது. ஆயில் மேலே நின்று எரியும். நீலப் புகை அதனால்தான் வருகிறது.

லைனர், பிஸ்டன், ரிங் செட், லேத் கூலி, பட்டறைக் கூலி எல்லாம் சேர்ந்து 38,000 ரூபாய் ஆயிற்று. வண்டி 11 நாள் நின்றது. அந்த ரப்பர் குழாயின் விலை 180 ரூபாய். பிப்ரவரியில் 340 என்ற எண்ணைப் பார்த்தவுடனே பட்டறைக்குப் போயிருந்தால் 180 ரூபாயோடு முடிந்திருக்கும். அந்தப் பக்கத்தை இப்போது திறந்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். மண்பாதையில் ஓடும் எந்த வண்டி ஆயில் குடித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஏர் கிளீனரும் அதன் குழாய்களும்தான். எங்களுடைய பழைய ஜீப்பில் ஆயில் தொட்டி வைத்த ஏர் கிளீனர். கோடையில் வாரம் ஒருமுறை அந்தத் தொட்டியைக் கழற்றினால் அடியில் மண் கூழாக நிற்கும். அதை வழித்துவிட்டுப் புது ஆயில் விட வேண்டும். இப்போது வரும் வண்டிகளில் காகித ஃபில்டர். அதைக் காற்றடித்துக் காற்றடித்துத் திரும்பப் போடுகிறார்கள். காற்றின் வேகத்தில் காகிதம் கிழிந்திருந்தால் வெளியே தெரியாது. குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி அழுக்கானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. புது ரிங் போட்டாலும் அந்த ஓட்டையை அடைக்காவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் இதே கதைதான்.

எஞ்சின் வேலை முடிந்து வந்தபோது முதல் நூறு லிட்டருக்கு 350 குடித்தது. நான் பதறிவிட்டேன். புது ரிங் லைனரோடு பதிந்து உட்கார வேண்டும், பொறு தாயி என்றார் அண்ணன். அடுத்த நூறில் 240, அதற்கடுத்து 180. அதோடு நின்றது.

இன்னொரு சம்பவமும் சொல்ல வேண்டும். கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் மலையில் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. லீவு போட்ட டிரைவருக்குப் பதிலாக வந்த ஒருவர், மலைக்குத்தானே போகிறோம், கூடவே இருக்கட்டும் என்று ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு லிட்டர் ஊற்றிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் ஊற்றினார். அளவுக்கு மேல் இருந்தால் எஞ்சினின் அடியில் இருக்கும் கிராங்க் தண்டு சுற்றும்போது ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரை, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக வெளியேறப் பார்க்கும். எங்கள் ஜீப்பில் அந்தப் பிரீதர் குழாய் காற்று உறிஞ்சும் குழாயோடு சேர்த்திருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் மூக்கு மேலே தூக்கி நின்றபோது ஆயில் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து, பிரீதர் வழியாக எஞ்சினுக்குள்ளேயே போய்விட்டது.

டீசல் எஞ்சினுக்கு ஆயிலும் ஒரு எரிபொருள்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் தானாகவே வேகம் பிடித்து அலறியது. ஸ்டாப் கேபிளை இழுத்தால் டீசல்தான் நிற்கும், ஆயில் நிற்காதே. பாதை முழுக்க வெள்ளையும் நீலமுமாகப் புகை. நல்லவேளை, ஏற்றத்துக்கு முன்பே பெண்கள் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் பதற்றப்படாமல் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டார். எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது. அந்தச் சமயோசிதம் இல்லாமல் போயிருந்தால் எஞ்சின் வெடித்துச் சிதறியிருக்கும் என்றார் அண்ணன். காற்று போகிற வழியைப் பலகையோ தடிமனான ரப்பர் ஷீட்டோ வைத்து அடைத்தாலும் அணைந்துவிடும். கையை மட்டும் வைக்கக் கூடாது, அந்த உறிஞ்சல் கையை விடாது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஆயில் ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவில், முக்கால் உயரத்துக்கு மேல் யாரும் ஊற்றக் கூடாது. ஊற்றுவதும் மில்லி அளவு போட்ட குவளையில்தான், குத்துமதிப்பாகக் கேனைச் சாய்ப்பது கிடையாது. அளவு பார்ப்பதும் ஒரே இடத்தில்தான். வாசலில் இதற்காகவே மட்டம் பார்த்து சிமெண்ட் தளம் போட்டேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலை மூன்றே முக்காலுக்கு, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பார்ப்போம். அப்போதுதான் மேலே ஒட்டியிருந்த ஆயில் எல்லாம் வடிந்து கீழே வந்திருக்கும். சரிவில் நிறுத்திப் பார்த்துவிட்டு ஆயில் குறைகிறது, கூடுகிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

பெட்ரோல் வண்டிக்கும் இதே கணக்கா என்று கேட்பீர்கள். என் அண்ணன் மகன், எனக்கு மருமகன் முறை, ஜிப்ஸி வைத்திருக்கிறான். 1298 சிசி பெட்ரோல் எஞ்சின். ஆசைக்கு வாங்கியது. போடிமெட்டிலிருந்து இறங்கி முந்தல் வந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்னால் நீலப் புகை ஒரு பந்து போலக் கிளம்பும். கொஞ்ச தூரத்தில் சரியாகிவிடும். ரிங் போச்சு அத்தை என்று வருத்தத்தோடு வந்தான். அதே பட்டறை அண்ணன்தான் சொன்னார், இறக்கம் முழுக்க ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு எஞ்சின் பிரேக்கில் வந்தால் பெட்ரோல் எஞ்சினில் காற்று வழி மூடியிருக்கும், உள்ளே பலமான உறிஞ்சல் உண்டாகும், வால்வ் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் சீல் இறுகிப்போயிருந்தால், அந்தத் தண்டு ஏறி இறங்கும் வால்வ் கைடு வழியாக ஆயிலை உள்ளே இழுக்கும் என்று. டீசலில் காற்று வழியை மூடும் அந்தத் தட்டு எங்கள் பழைய எஞ்சின்களில் கிடையாது, அதனால் இந்தக் கோளாறு இவ்வளவு தெரியாது. வால்வ் சீல் மட்டும் மாற்றினான். எஞ்சின் வேலைக்கு ஆகும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. புகை எப்போது வருகிறது என்று கவனித்ததால் மிஞ்சிய பணம் அது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வருகிறதா, இறக்கம் முடிந்து அழுத்தும்போதா, ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது விடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். விடாமல் வருவதற்குத்தான் பெரும்பாலும் ரிங் காரணம்.

ஆயில் கூடினால் குறைவதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டும். ஊற்றாமலே அளவு ஏறினால் டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. பழைய எஞ்சின்களில் டீசல் ஏற்றும் சின்ன பம்பின் டயாபிரம் என்ற சவ்வு கிழிந்தால் டீசல் நேராக ஆயிலில் இறங்கும். ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். ஓடையில் ஆழமாக இறக்கிய பிறகு ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யவே கூடாது. பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் புதிய டீசல் வண்டிகளில் புகைக்குழாய் ஃபில்டரில் சேரும் கரியை எரிக்கக் கூடுதல் டீசல் விடுகிறார்கள். அது முடிவதற்குள் அடிக்கடி வண்டியை அணைத்தால் கொஞ்சம் ஆயிலோடு கலக்கிறது. பழைய ஜீப் ஓட்டிப் பழகியவர்கள் புது வண்டிக்கு மாறும்போது இது தெரியாமல் குழம்புகிறார்கள்.

இவ்வளவும் பணக் கணக்கு. உயிர்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. எங்களுடையது மாதிரியான டீசல் ஜீப்புகளில் லேசாக மிதித்தாலே பிடிக்கும் பூஸ்டர் பிரேக்குக்கு வேண்டிய உறிஞ்சலைத் தருவது ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் வேக்கம் பம்ப். அந்தப் பம்புக்கு எஞ்சின் ஆயில்தான் மசகு. ஒரு மெல்லிய குழாய் வழியாக ஆயில் அங்கே போய்த் திரும்புகிறது. 2018-ல் அந்தக் குழாயின் முனையில் கசிவு, பம்புக்குப் போதிய ஆயில் போகவில்லை. முந்தலுக்கு மேலே இறக்கத்தில் வரும்போது பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது என்று எங்கள் டிரைவர் தம்பி சொன்னான். வண்டி இரண்டாம் கியரில் இருந்ததால் எஞ்சின் பிரேக்கிலேயே மெதுவாக இறக்கி, மண் திட்டோரம் நிறுத்தியிருக்கிறான். வண்டியில் ஒன்பது பெண்கள். அதில் ஒருத்தி என் சித்தி மகள். அன்று காலை ஸ்டிக் பார்த்தபோது 300 மில்லி குறைந்திருந்தது. முந்தின நாள்தான் ஊற்றியிருந்தோம். ஊற்றிவிட்டு அனுப்பினேனே தவிர, ஒரே நாளில் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

இப்போது ராத்திரி ஜீப் வந்து நின்றதும் அடியில் ஒரு அட்டையை விரித்துவிடுவோம். காலையில் அட்டையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. முன்பக்கமா, கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியிலா, எஞ்சினின் தலையை மூடும் டப்பெட் கவர் ஓரமா, ஆல்டர்னேட்டருக்கு நேர் கீழேயா என்று தெரிந்துவிடும். எரிகிற ஆயில் வேறு, ஒழுகுகிற ஆயில் வேறு. ஒழுகுவதற்குப் போய் எஞ்சினைப் பிரிப்பவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓடும்போது மட்டும் ஒழுகினால் அட்டை காட்டாது, எஞ்சினின் அடியை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு நடை போய்வந்து பார்க்க வேண்டும்.

மலையிறக்கத்தில் நியூட்ரலில் வருவதை எங்கள் வண்டியில் அடியோடு நிறுத்திவிட்டேன். அரை லிட்டர் டீசல் மிச்சமாகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். எஞ்சின் அணைந்தால் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் உறிஞ்சல் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும்.

சில்லறை ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டிதான் குடிக்கிறதே, எதற்கு நல்ல ஆயில் என்று பெயரில்லாத டப்பாவில் வாங்கி ஊற்றுகிறார்கள். ஒரு வருஷம் நானும் வாங்கினேன். லிட்டருக்குப் பாதி விலை. அந்த வருஷக் கணக்கில் 200 இருந்த எண் 290 ஆனது. 15-டபிள்யூ-40 என்று போட்ட, டீசலுக்கான நல்ல ஆயிலுக்குத் திரும்பினேன், மூன்று மாதத்தில் 220-க்கு இறங்கியது. கெட்டியான ஆயிலை ஊற்றினால் புகை கொஞ்ச நாள் அடங்கும் என்பதும் உண்மை. பழைய ஜீப் விற்பவர்களில் சிலர் செய்யும் வேலை அது. பார்க்கப் போகும்போது வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறிக் கிடக்கும் எஞ்சின் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது பக்கத்தில் நின்றால் பல விஷயம் தெரிந்துவிடும்.

வடித்த கழிவு ஆயிலை ஓடையோரம் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் மலைகளில் விழும் தண்ணீர் கொட்டகுடி ஆற்றில் சேர்ந்துதான் ஊருக்கு வருகிறது. நாங்கள் கேனில் பிடித்து வைத்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

அந்தத் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். எஞ்சினை இப்போது பிரிக்காதீர்கள், வண்டியையும் விற்காதீர்கள். மட்டமான இடத்தில் ஆயிலை மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். அடியில் அட்டை விரியுங்கள். ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி உள்ளே துணியால் துடைத்துப் பாருங்கள். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ இருக்கிற வண்டியென்றால் டர்போவிலிருந்து போகும் குழாய்களில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், ஏற்றம் ஏறி முடித்தவுடன் சட்டென்று அணைக்காமல் ஒரு இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள். அப்புறம் 300 லிட்டர் டீசல் வரை ஓட்டுங்கள். நூறு நூறாக மூன்று எண்கள் கிடைக்கும். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, புகையும் இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே பல வருஷம் ஓட்டலாம். ஏறிக்கொண்டே போனால் அந்த மூன்று எண்களோடு ஒரு நல்ல பட்டறைக்குப் போங்கள். எண்களோடு வருகிறவரிடம் எந்த மெக்கானிக்கும் எடுத்த எடுப்பில் ஃபுல் எஞ்சின் வேலை என்று சொல்லிவிட முடியாது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வாகனப் பக்கத்தில் இனி இப்படிக் கேள்வி வந்தால், பதில் சொல்வதற்கு முன்னால் எத்தனை லிட்டர் டீசலுக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்கள் ஊரில் மட்டும் விடியற்காலையில் எத்தனையோ ஜீப்புகள் மலையேறுகின்றன. அவற்றின் சொந்தக்காரர்களும் டிரைவர்களும் உங்கள் இதழைப் படிப்பவர்கள்தான்.

இந்த மாதம் தோட்டத்து ஜீப் 230, தார்ச்சாலை ஜீப் 260. இரண்டாவதில் டப்பெட் கவர் ஓரம் லேசான கசிவு தெரிகிறது, வெள்ளிக்கிழமை பேக்கிங் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜீப் உரிமையாளர் ஒருவர்
போடிநாயக்கனூர்

(டிரைவர் தம்பியைப் பற்றி எழுதியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)